அம்மா வண்டி ஓட்டுகிறாள்

துவாரகா, புதுதில்லி
கார்த்திகை முதல் வாரம்

அன்பு மகள் இளவரசிக்கு அப்பா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீ சுகம்தான் என்று ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலேயே கேட்டுக்கொண்டேன், ஆனாலும் டப்ளினில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், அதனால் எழுத்திலும் ஒரு தடவை கேட்டுவிட்டால்தான் எனக்குத் திருப்தி. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, என் கண்ணுக்கு இப்போது இந்த அளவு எழுதினால்தான் வரி நேராகப் போகிறது. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உன் அம்மா கேட்கவில்லை, அவள்தான் எழுதச் சொன்னாள். ஃபோனில் நீங்க பேசினா அது உத்தரவாயிருது, எழுதினா அடிச்சுத் திருத்தலாம்லா என்கிறாள். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் உன்னைத் தமிழில் படிக்க வைத்தபோது என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், தில்லியில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் எதற்கு என்றார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் கடிதம் எழுத முடியாது. எனக்கு முடிகிறது. அதற்கே உன் அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், அந்தப் பள்ளிக்கூடம் அவள் பிடிவாதம்.

போன வாரம் நீ கேட்டாய். உன் கம்பெனி அங்கே இருக்கிற ஆபீஸை மூடுகிறது, குர்கானுக்கு வந்தால் பதவியும் உண்டு சம்பளமும் உண்டு, வராவிட்டால் அங்கேயே அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ஏதோ ஒரு சின்ன ஊரில் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை தயாராக இருக்கிறது என்றாய். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நீங்க சொல்லுங்கப்பா, வரட்டுமா, நீங்க வான்னு சொன்னா வந்துடறேன் என்றாய். நான் யோசித்து எழுதுகிறேன் என்று ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இந்த வருடம் இங்கே நடந்த சில விஷயங்களை, உன்னிடம் மறைத்ததையும் சேர்த்து, சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

என் கண்ணில் பிரஷர் என்பது உனக்குத் தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. சித்திரையில் டாக்டர் ஒரு சோதனை எழுதிக்கொடுத்தார். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நேரே பார்க்க வேண்டும், ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் வரும், வரும்போதெல்லாம் கையில் இருக்கிற பித்தானை அழுத்த வேண்டும். உன் அப்பா எதிலும் தோற்றவன் இல்லையே, வெகுநேரமாக வெளிச்சமே வரவில்லை என்றதும் எனக்குச் சந்தேகம் வந்து, குத்துமதிப்பாக அழுத்த ஆரம்பித்தேன். சோதனை செய்த பெண் சிரித்துக்கொண்டே, அங்கிள் ஜி, லைட் வராதப்பவே அழுத்துறீங்க என்று இந்தியில் சொன்னாள். மறுபடி ஒழுங்காகச் செய்தோம். நேரே இருப்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது, செய்தித்தாள் தெரிகிறது, உன் அம்மா முறைப்பதும் தெரிகிறது. இரண்டு ஓரமும், கீழ்ப்பக்கமும் போய்விட்டது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற சொட்டு மருந்து. டாக்டர் கடைசியாக, வண்டி ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்றார். அவருக்கென்ன, ஒரு வாக்கியம். விமானப்படையில் மோட்டார் பிரிவில் மூன்று டன் லாரியிலிருந்து பெட்ரோல் டேங்கர் வரை ஓட்டியவன் நான், அதன்பின் அரசாங்க அலுவலகத்தில் வண்டிகளை மேய்த்தவன், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்து இந்த வீட்டில் ஸ்டியரிங்கில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. அன்று வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். வழியெல்லாம் அந்த ஆட்டோக்காரன் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு இல்லாதது யாருக்கும் வேண்டாம் என்கிற மாதிரி, வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். வாங்குகிறவனையும் வரச்சொல்லிவிட்டேன். அவன் வந்து பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது உன் அம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, யாரைக் கேட்டு விக்கிய என்று ஒரு கேள்வி கேட்டாள். இந்தச் சொசைட்டியில் தமிழ் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது, எல்லா ஜன்னலிலும் தலை. ஏன், நீ ஓட்டப் போறியா என்று நானும் விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். மறுநாள் காலையில் புடவையை விட்டுவிட்டு நீ வாங்கிக் கொடுத்த சல்வாரைப் போட்டுக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டாள். காலில் கான்வாஸ் ஷூ. சரோஜினி நகர் மார்க்கெட்டில் போய் எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறாள். எத்தனை நாளாக இந்த யோசனை என்று கேட்டேன், நீ கல்லூரியில் சேர்ந்த காலத்திலிருந்து என்றாள். கேட்டிருக்கலாமே என்றேன். நீங்க ஓட்டுதிய, அது உங்களுக்குப் பிடிச்சிருக்கு, இதுல நான் என்னத்தக் கேக்க என்றாள்.

கற்றுக்கொடுத்தவள் சுமன் என்று ஒரு ஹரியானாக்காரப் பெண். எடுத்ததும் அதட்டத் தெரிந்தவள், ஆனால் பயப்படுத்தத் தெரியாதவள். அவள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததைவிட எனக்குச் சும்மா இருக்கக் கற்றுக்கொடுத்ததுதான் பெரிய வேலை. உரிமம் வந்தபிறகு நம் வண்டியிலேயே பழக்கச் சொன்னேன், நான் முன்னால் இடப்பக்கம் உட்கார்ந்தேன். என் காலடியில் பிரேக் இல்லை என்பது என் காலுக்குத் தெரியவில்லை. ரிக்‌ஷா வந்தால் மிதித்தேன், மாடு வந்தால் மிதித்தேன், காகம் நடந்து போனால்கூட மிதித்தேன். தரை விரிப்பு கிழிந்துபோயிற்று. கிளட்ச், கிளட்ச் என்று நான் கத்த, உன் அம்மா பதறிப்போய் நடுரோட்டில் வண்டி நின்று, பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்து, சுமன் பின்சீட்டிலிருந்து, அங்கிள் ஜி, ஆப் பீச்சே பைட்டியே, மைம் ஆகே ஆத்தீ ஹூம் என்றாள். நீங்கள் பின்னால் போங்கள், நான் முன்னால் வருகிறேன் என்று என் வண்டியில் என்னிடம் சொல்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன். உன் அம்மா எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து காபி போட்டு வைத்திருந்தாள். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

இனி எழுதப்போவதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். புரட்டாசியில் ஒரு சாயங்காலம், கோயிலுக்குப் போய்விட்டு வந்து அவள் வண்டியைப் பின்னால் எடுத்து நம் இடத்தில் நிறுத்த வேண்டும். ரிவர்ஸ் அவளுக்குக் கொஞ்சம் தகராறு. நான் இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். விமானப்படையில் நான் கைகாட்டி எத்தனை லாரிகள் மயிரிழையில் ஷெட்டுக்குள் போயிருக்கின்றன என்று உனக்குக் கதை சொல்லியிருக்கிறேன் இல்லையா, அதே மாதிரி இரண்டு கையையும் உயர்த்தி, வா, வா, இன்னும் வா என்று கூப்பிட்டேன். குரலும் பழைய குரல். வாட்ச்மேன் உட்பட நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள், எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது. வா, வா என்று நான் சொல்லும்போதே நொறுங்குகிற சத்தம் கேட்டது. எனக்குப் பக்கத்தில், என் வலது காலுக்கு ஓரமாக, கீழ்வீட்டு ஸ்வப்னாவின் மகள் பீஹூவின் சைக்கிள் டயருக்கு அடியில் கிடந்தது. நம் பாலக்காட்டு ஸ்வப்னாதான், உனக்கு ஒருமுறை மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாளே, அவள். குழந்தை அதில் இல்லை. தண்ணீர் குடிக்க அப்போதுதான் இறங்கி வீட்டுக்குள் ஓடியிருக்கிறாள். இருந்திருந்தால் என்பதை நான் எழுத மாட்டேன்.

அந்த நிமிஷத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா, உன் அம்மாவிடம் கத்தினேன். கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, பாக்கலியா என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவள் ஸ்டியரிங்கை விடாமல், முகம் வெளுத்துப்போய், பாத்தேன், கண்ணாடியில ரோஸ் கலர்ல ஏதோ தெரிஞ்சுது, நீங்க வா வான்னு சொன்னிய, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு வந்தேன் என்றாள். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் என் கையைப் பார்த்துத்தான் வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் வந்திருக்கிறாள், நானும் அதை என் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்வப்னா அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அது நியாயம். நான் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவள், சைக்கிள் போச்சுன்னா போகட்டும் அங்கிள், நீங்க இனிமே யாருக்கும் பின்னாடி நின்னு கை காட்டாதீங்க, எனக்கு அது போதும் என்றாள். புது சைக்கிள் வாங்கப் போனபோது பீஹூவே எங்களோடு வந்தாள், ஊதா நிறம்தான் வேண்டும், கூடை வேண்டும், ஹார்ன் வேண்டும் என்று கடைக்காரனைப் படுத்தி எடுத்துவிட்டாள். வருகிற வழியெல்லாம் அந்த ஹார்னை என் காதருகே அமுக்கிக்கொண்டு வந்தாள். அதைப்போல இனிமையான சத்தத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை. அந்தக் குழந்தைக்குத் தாகம் எடுத்ததற்காக நான் இன்றைக்கும் காலையில் விளக்கு முன்னால் நின்று நன்றி சொல்கிறேன்.

உன் அம்மா வண்டியைத் தொடமாட்டாள் என்று நினைத்தேன், சொல்லப்போனால் அப்படி ஆகட்டும் என்றுகூட மனதில் ஒரு மூலை ஆசைப்பட்டது. அவளோ மறுநாள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இனிமே நான் பாத்து நான் ஓட்டுதேன், நீங்க பின்னால இருங்க, தப்பா ஓட்டுனா அது என் தப்பா இருக்கட்டும், உங்க தப்பை நான் ஓட்ட மாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இட்லிக்கு எவ்வளவு அரிசி ஊறப்போட என்று கேட்கிற குரலில் சொன்னாள். நான் சரி என்றேன். சுமனைக் கூப்பிட்டு ரிவர்ஸ் மட்டும் மறுபடி கற்றுக்கொண்டாள். இப்போது என்னைவிட நன்றாக நிறுத்துகிறாள் என்று எழுதினால் பொய், ஆனால் கோட்டுக்குள் நிறுத்துகிறாள்.

கந்த சஷ்டிக்கு ஆர்.கே. புரம் மலை மந்திருக்கு அவள்தான் ஓட்டிக்கொண்டு போனாள். நான் பின் சீட்டில். முதலில் பாலம் ஏர்போர்ட் பக்கத்து மேம்பாலம் ஏறும்வரை கண்ணை மூடிக்கொண்டு கவசம் சொன்னேன், பக்தியால் அல்ல. பிறகு கண்ணைத் திறந்தேன். இளவரசி, அந்தச் சாலையில் எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன், சாலையைத் தவிர நான் ஒன்றையும் பார்த்ததில்லை. விமானம் ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு தலைக்கு மேலே இறங்கியது, சக்கரம்கூடத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு செடிப் பண்ணை இருக்கிறது, உன் அம்மா வருடக்கணக்காக அங்கே நிறுத்துங்கள் என்று சொல்வாளாம், நான் நிறுத்த இடமில்லை என்பேனாம். எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. அன்று வரும் வழியில் அவள் நிறுத்தினாள். இடம் இருந்தது. ஒரு கறிவேப்பிலைச் செடியும் ஒரு செம்பருத்தியும் வாங்கினாள், நான் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சட்டையெல்லாம் மண். இந்த வயதில் ஒருத்தி என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போய், செடி வாங்கி மடியில் கொடுத்து, பத்திரமாக வீட்டில் இறக்கிவிடுகிறாள் என்றால் நான் கொடுத்துவைத்தவன்தான். அவளிடம் இதைச் சொன்னேன். அவள், சீட் பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்குங்க என்றாள்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. தில்லியின் குளிர்காலப் புகைமூட்டம் ஆரம்பித்துவிட்டது, காலையில் நடக்கப் போவதில்லை, வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறேன். அம்மாவின் முட்டுவலி இப்போது தேவலை, கிளட்ச் மிதித்து மிதித்துச் சரியாகிவிட்டது என்று அவளாகவே ஒரு வைத்தியம் சொல்கிறாள். சொட்டு மருந்து நானே போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது அவள் போட்டுவிடுகிறாள், எல்லாம் கண்ணுக்குள் விழுகிறது. டாக்டர் இந்த மாதம் பிரஷர் ஏறவில்லை என்றார். பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் இடித்து வைத்திருக்கிறாள், எந்த ஊருக்கு அனுப்புவது என்று தெரியாமல் டப்பாவில் இருக்கிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ வரட்டுமா என்று கேட்டதும் என் வாயில் என்ன வந்தது என்று உனக்குத் தெரியும். குர்கான் இங்கிருந்து கூப்பிடு தூரம். உன் அறை அப்படியே இருக்கிறது. என் கண் இப்படி இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயம் குறையும், பயம் இருக்கிறது என்பதையும் உன்னிடம்தான் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும். இத்தனையும் உண்மை. ஆனால் இவை எல்லாம் எனக்கு நேரே தெரிகிறவை. உனக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, காலடியில் என்ன இருக்கிறது என்பது இங்கிருந்து எனக்குத் தெரியாது. நான் கூப்பிட்டால் நீ உன் கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு வந்துவிடுவாய், உன் அம்மாவின் மகள் நீ. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. குர்கானைப் பற்றிச் சொன்னபோது சம்பளம், பதவி, நம் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று மளமளவென்று சொல்லி முடித்தாய், அந்தக் கடற்கரை ஊரைப் பற்றிச் சொன்னபோது அங்கே பெய்கிற மழையைப் பற்றியே அவ்வளவு நேரம் பேசினாய். அடடா, இதையும் நான் எழுதியிருக்கக் கூடாது, இதுவும் கை காட்டுவதுதான். அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனா மை தடித்து அடுத்த பக்கத்துக்கும் ஊறும். படிக்காத மாதிரி விட்டுவிடு.

ஆகவே நான் வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. உனக்காக நாங்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை, கோபப்படாதே, நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். எங்களுக்கு டாக்டர் இருக்கிறார், ஸ்வப்னா இருக்கிறாள், உன் அம்மாவிடம் வண்டி இருக்கிறது. வந்தால் இது உன் வீடு. வராவிட்டாலும் இது உன் வீடுதான். இப்படி ஒரு மகள், தன் வேலையை விட்டு வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டாளே, அந்த ஒரு கேள்வியே எனக்கு நிறைந்துவிட்டது, அதற்குமேல் வேண்டும் என்று கேட்டால் பேராசை.

உனக்கு எல்லா நலமும் கிடைக்க மலை மேல் இருக்கிறவனை வேண்டிக்கொள்கிறோம். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே வெயில் இல்லை என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை மறக்காதே. முடிவு செய்ததும் ஃபோன் பண்ணு. கேட்காதே, சொல். எதைச் சொன்னாலும் சரிம்மா என்று சொல்வதற்கு உன் அம்மா என்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். காலையில் காபி கொடுக்கும்போது உன் குரலில் பேசி, அப்பா, நான் முடிவு பண்ணிட்டேன் என்பாள், நான் சரிம்மா என்று சொல்ல வேண்டும். நன்றாகத்தான் சொல்கிறேன். அதற்குப் பின்னால் ஆனால் என்று ஒரு வார்த்தை தானாக வந்துவிடுகிறது. நேற்று அது வரவில்லை.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
பரமசிவம்
(அம்மா சாந்தகுமாரியும் பக்கத்தில் உட்கார்ந்து ஆசி சொல்கிறாள்)